துண்டுக்குக் கூப்பன்: வருத்தம் இல்லாமல் மருந்து எழுதுவிக்கிறது பிழையோ?

பரந்தன் பெடியன் | மார்கழி 4, இரவு 8.10

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில ஏ9 ஓரமாக் கிட்டடியில ஒரு பாமசி திறந்திருக்கு (பேர் போடேல்லை, போட்டா மட்டுறுத்துநர் வெட்டிப்போடுவார்). பக்கத்திலயே அவையின்ர பலசரக்குக் கடையும் இருக்கு. மார்கழி முடியுமட்டும் ஒரு சலுகை போட்டிருக்கினம். டொக்டர் மருந்து எழுதின துண்டோட வந்து 5000 ரூபாவுக்கு மேல மருந்து எடுத்தா, பலசரக்குக் கடையில செல்லுற 500 ரூபா கூப்பன். கூப்பன் நம்பர் ஒரு ஸ்கூட்டிச் சீட்டிழுப்பிலயும் விழும். துண்டு இல்லாமல் வாங்கிற பனடோல், சவர்க்காரம் ஒண்டும் கணக்கில இல்லை.

நான் வேலை செய்யிறது ஒரு தொண்டு நிறுவனத்தில. எங்களுக்கு ஆளுக்கு வருசத்துக்கு இவ்வளவு எண்டு ஓபிடி காப்புறுதி (ஆஸ்பத்திரியில நிக்காமல் எடுக்கிற வைத்தியத்துக்கு) இருக்கு. மார்கழி 31க்குள்ள எடுக்காட்டி அந்தக் காசு போச்சு. இப்ப ஒபிசில பாதிப் பேர் பின்னேரம் சனலுக்கு (காசு கட்டித் தனியாரிட்டை டொக்டரைப் பார்க்கிறதுக்கு) போய், "உடம்பு ஒரே அலுப்பா இருக்கு டொக்டர்" எண்டு சொல்லி விற்றமின், கல்சியம், ஒமேப்ரசோல் எண்டு எழுதுவிச்சுக்கொண்டு வருகினம். மருந்துக் காசைக் காப்புறுதி தருது, கூப்பன் பொக்கற்றுக்குள்ள போகுது. என்ர மச்சாளும் "உன்ர மிச்சத்தில எனக்கும் ஒரு துண்டு எழுதுவிச்சுத் தாவன்" எண்டு நிக்கிறா.

எனக்கு உண்மையாவே கொலஸ்ட்ரோல் இருக்கு, அற்றோவஸ்ரற்றின் போடுறன். அந்தத் துண்டை அங்க கொண்டுபோறதில எனக்குக் குழப்பம் இல்லை. மற்ற விளையாட்டுத்தான். "காசு கொம்பனியின்ர, கூப்பன் கடையின்ர, வயிறு எங்கட. இதில ஆருக்கடா நட்டம்?" எண்டு கேக்கிறாங்கள். பதில் சொல்லத் தெரியேல்லை, ஆனா மனசுக்குச் சரியாவும் படேல்லை.

முறிகண்டிக் கச்சான் | இரவு 8.31

தம்பி, நீர் கனக்க யோசிக்கிறீர். பால்மா வாங்கினாக் கோப்பை தாறான், போனுக்குக் காசு போட்டா டேற்றா தாறான், அதெல்லாம் வாங்கேக்க ஆரும் தர்மம் நியாயம் கதைக்கிறேல்லை. மருந்துக்கு மட்டும் என்ன புதுப் பாவம்? சலுகை போட்டவன் தன்ர கணக்கைப் பார்க்காமலே போட்டவன்? டொக்டர் எழுதித் தாறார், கடைக்காரன் கட்டித் தாறான், கொம்பனி காசு தருது. மூண்டு பேரும் படிச்ச ஆக்கள். நாலாவது ஆளான நான் மட்டும் ஏன் அரிச்சந்திரனா நிக்கோணும்?

ஸ்கூட்டி விழுந்தா எனக்கு ஒரு ரவுண்ட்.

வவுனியா பாமசிஸ்ட் | இரவு 9.47

கச்சான் அண்ணை, நான் அந்த மேசைக்குப் பின்னால நிக்கிற ஆள். இந்த மாதிரிச் சலுகை நடக்கிற மாதங்களில எங்களுக்கு முன்னால என்ன நடக்குது எண்டு சொல்லுறன்.

ஒரு ஆள் துண்டைத் தாறார். நான் கூட்டிப் பார்த்து 4200 வருது எண்டு சொல்லுறன். அவர் துண்டைத் திருப்பி வாங்கிப் பார்த்துப்போட்டு, "5000 வர இன்னும் என்ன போடலாம்?" எண்டு என்னட்டைக் கேக்கிறார். தன்ர வருத்தம் என்ன எண்டு கேக்கேல்லை, இந்தக் குளிசை ஏன் எண்டு கேக்கேல்லை. இன்னொராள் ஒரு துண்டில இருக்கிற ஆறு மருந்தில மூண்டை எங்களிட்டையும் மூண்டை முன்கடையிலும் எடுக்கிறார், ஏனெண்டா அங்கயும் ஏதோ பொயின்ற்ஸ் குடுக்கிறாங்கள்.

இந்த ரெண்டாவது ஆளில எனக்குக் கோவம் இல்லை, பயம். பிரசருக்கு லொசாட்டன், கால் வீக்கத்துக்கு மூத்திரம் போறதுக்கான குளிசை, இது ரெண்டும் முன்கடையில. முழங்கால் நோவுக்கு டிக்ளோபெனாக் என்னட்டை. இந்த மூண்டும் ஒரு உடம்புக்குள்ள ஒண்டாப் போனா சிறுநீரகம் திடீரெண்டு படுத்திடக்கூடும், வயசு போன ஆக்களுக்குக் கூட. மூண்டும் ஒரே மேசைக்கு வந்திருந்தா நான் கண்டிருப்பன். டொக்டருக்கு ஒரு கோல் எடுத்திருப்பன். இங்க என்னட்டை வாறது பாதித் துண்டுதானே. எங்கட வவுனியா மாவட்டத்தில ஏற்கெனவே சிறுநீரக வருத்தக்காரர் எத்தினை பேர் எண்டு கிளினிக் வாசலில போய் நிண்டு பாருங்கோ. செட்டிகுளம் பக்கத்துச் சனத்தைக் கேளுங்கோ.

பெடியன் கேட்டதுக்கு வாறன். உண்மையான துண்டை எந்தக் கடைக்குக் கொண்டுபோறது எண்டது உங்கட இஷ்டம். கூப்பன் கிடைச்சா எடுங்கோ, அதில ஒரு பிழையும் இல்லை. துண்டை உடைச்சு உடைச்சுக் கடை கடையாக் கொண்டுபோறது பிழை எண்டு சொல்ல மாட்டன், ஆபத்து. கூப்பனுக்காக ஒரு துண்டையே உண்டாக்கிறதுதான் பிழை. நான் பிரிக்கிறது அப்பிடி.

முறிகண்டிக் கச்சான் | இரவு 9.55

விற்றமின் குடிச்சுச் செத்தவன் ஆர்?

வவுனியா பாமசிஸ்ட் | இரவு 10.20

சாகிறது கடைசி அண்ணை. அதுக்கு முதல் கனக்க இருக்கு. விற்றமின் டி உடம்பில தங்கிற சாமான், கூடப் போனா இரத்தத்தில கல்சியத்தை ஏத்தும். அதோட கல்சியக் குளிசையையும் சேர்த்தே எழுதுவிக்கிறியள். ஒமேப்ரசோலை "காஸ்ரிக் குளிசை" எண்டு மிட்டாய் மாதிரி வருசக்கணக்கில போடுறவைக்கு பி12 விற்றமின் குறையலாம், மக்னீசியம் குறையலாம். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போடுற ஆளெண்டா அதுவும் பி12ஐக் குறைக்கும், ரெண்டும் சேர்ந்தா கேக்கத் தேவையில்லை. காலில விறைப்பு எண்டு வருவினம், சீனியால எண்டு நினைப்பினம்.

சும்மா எழுதுவிச்ச மருந்தை ஒருத்தரும் எறியிறேல்லை எண்டதையும் யோசியுங்கோ. காசு குடுத்த சாமான் எண்டு வீட்டில இருக்கும். ஒரு நாளைக்கு அம்மம்மாவுக்கு நெஞ்செரிவு எண்டா அந்தப் பெட்டிதான் திறபடும்.

நெடுங்கேணி, இப்ப ரெக்சாஸ் | மார்கழி 5, காலை 6.02

இந்த விளையாட்டை அமெரிக்காக்காரன் உங்களுக்கு முதலே விளையாடி முடிச்சிட்டான். நான் வந்த புதுசில பெரிய பாமசிச் சங்கிலிக் கடையள் எல்லாம் பேப்பரில கூப்பன் போடுவாங்கள். வேற கடையில இருக்கிற துண்டை எங்களிட்டை மாத்தினா 25 டொலர் பரிசு அட்டை. வோல்மார்ட் 2006இல பழைய மருந்துகளை 4 டொலருக்குக் குடுக்கத் தொடங்கினது. இந்த ரெண்டையும் ஒரு மூளைக்காரன் சேர்த்துப் பார்த்தான். 4 டொலர் மருந்துக்குத் துண்டு இருந்தா 25 டொலர் அட்டை, கையில 21 டொலர் மிச்சம். பேந்து என்ன, ஒரே துண்டு ஊர்வலம் போன மாதிரிக் கடை கடையா மாறும். மலிவான ஏதாவது ஒண்டை எழுதித் தாங்கோ எண்டு டொக்டரைக் கேக்கிறதும் தொடங்கிச்சு.

கடை மாத்தினவையை நான் குறை சொல்ல மாட்டன், கடைதானே கூப்பிட்டது. ஆனா அந்தக் கூப்பனுகளின்ர அடியில பொடி எழுத்தில ஒரு வரி இருக்கும்: அரசாங்கக் காப்புறுதியில மருந்து எடுக்கிறவைக்குச் செல்லாது. மெடிகெயர், மெடிகெயிட் எண்ட அந்த அரசாங்கக் காப்புறுதி ஆக்களுக்கு இப்பிடிப் பரிசு காட்டி இழுக்கிறது இங்க சட்டப்படி குற்றம், ஏனெண்டா மருந்துக் காசு வரிப்பணத்தில இருந்து போகுது. வோல்கிறீன்ஸ் அந்த ஆக்களுக்கும் பரிசு அட்டை குடுத்தது எண்டு வழக்கு வந்து, 2012இல 79 லட்சம் டொலர் கட்டித் தீர்த்தது.

மச்சான், உங்கட ஒபிஸ் பெடியளின்ர "ஆருக்கு நட்டம்" எண்ட கேள்விக்கு அந்தப் பொடி எழுத்தே போதும். கூப்பன் ஒருத்தனுக்கு, பில்லு இன்னொருத்தனுக்கு எண்டா உடனே சந்தேகப்படோணும்.

வன்கூவர் வன்னியான் | காலை 6.40

எங்கட பிரிட்டிஷ் கொலம்பியாவில இது கோட்டுக்கே போனது. மருந்தாளர் கல்லூரி எண்டு மாகாணத்தில ஒரு ஒழுங்குபடுத்திற சபை இருக்கு. 2013இல துண்டு மருந்துக்குப் பொயின்ற்ஸ், பரிசு ஒண்டும் குடுக்கக்கூடாது எண்டு விதி கொண்டுவந்தது. சுப்பர்மார்க்கெற்றுக்குள்ள பாமசி வச்சிருக்கிற சோபீஸ் மாதிரியான கொம்பனியள் எதிர்த்து வழக்குப் போட்டு 2014இல வெண்டாங்கள். கல்லூரி மேன்முறையீடு செய்து 2016இல விதி திரும்பி நிண்டது.

எனக்கு இதில பிடிச்சது என்னெண்டா, சனம் உண்மையில கெட்டுப்போச்சு எண்டு கணக்குக் காட்டினாத்தான் தடுக்கலாம் எண்டுதான் கொம்பனியள் வாதாடினது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பிடிப் பார்க்கேல்லை. பரிசுக்காகத் தேவையில்லாத மருந்து எடுக்கிறது, முடியிறதுக்கு முதலே திரும்ப எடுக்கிறது, இதெல்லாம் நடக்கக்கூடிய ஆபத்துத்தான், அதைத் தடுக்கச் சபைக்கு உரிமை இருக்கு எண்டுது. கொம்பனியளின்ர வாதத்திலும் ஞாயம் இல்லாமல் இல்லை. பொயின்ற்ஸுக்காக வாற கிழடுகள் ஒழுங்கா மாதாமாதம் மருந்து எடுக்குங்கள் எண்டும் சொன்னவை. என்ர அப்பா அப்பிடித்தான்.

முறிகண்டிக் கச்சான் | காலை 7.15

கனடாக் கோடு, அமெரிக்க வழக்கு. இங்க கரண்டே ஒழுங்கா இல்லை.

ஈழத்து லண்டன்காரி | காலை 7.50

சும்மா ஒரு தகவல்: இங்க என்எச்எஸ் (அரசாங்க சுகாதார சேவை) துண்டுக்கு எந்தக் கடையும் பொயின்ற்ஸ் தர ஏலாது, விதியிலயே இருக்கு. ஷம்பூவுக்கு மட்டும்தான் தருவாங்கள்.

பழைய அப்போதிக்கரி | காலை 10.05

பிள்ளையள், எல்லாம் வாசிச்சன். எல்லாரும் வருத்தக்காரனையும் கடைக்காரனையும் வச்சே கதைக்கிறியள். நடுவில ஒருத்தர் இருக்கிறார், அவரைக் "டொக்டரும் எழுதித் தாறார்" எண்டு ஒரு வரியில விட்டிட்டியள்.

நான் வன்னியில கிராமத்து ஆஸ்பத்திரியளில இருந்தவன். 90களில பொருளாதாரத் தடைக் காலம், மருந்து லொறி ஓமந்தையால வருமோ வராதோ எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிற சீவியம். ஆருக்குக் குடுக்கிறது, ஆருக்குச் சொல்லி அனுப்புறது எண்டு நாங்கள் தெரிஞ்செடுத்த நாட்கள் உண்டு. அதைச் சொல்லி உங்களை வெக்கப்படுத்த வரேல்லை. அப்ப மருந்து இல்லாததால, எழுதிற ஒவ்வொரு வரிக்கும் முன்னால வருத்தக்காரனை வடிவாப் பார்த்தம். அதுதான் சொல்ல வந்தது.

துண்டில கையெழுத்து வச்சா, இந்த ஆளை நான் பார்த்தன், இந்த வருத்தம் இருக்கு, அதுக்கு இது வேணும் எண்டு ஒரு வைத்தியர் பொறுப்பெடுக்கிறார். "அலுப்பா இருக்கு" எண்டு ஒருத்தன் வந்தா எச்பி (இரத்தம் குறைவோ எண்டு) பார்க்கோணும், சீனி பார்க்கோணும், தைரொயிட் பார்க்கோணும், நித்திரை கொள்ளுறானோ எண்டு கேக்கோணும். ரெண்டு நிமிசத்தில விற்றமின் எழுதி அனுப்பிற வைத்தியர், பொய்யா அலுப்பு எண்டு வந்தவனுக்கும் உண்மையா இரத்தம் குறைஞ்சு வந்த பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரே துண்டைத்தான் குடுக்கிறார். பெடியன், உன்ர ஒபிஸ்காரர் பொய் சொல்லிப் பழக்கின வைத்தியரிட்டைத்தான் நாளைக்கு உன்ர மனிசி உண்மையான அலுப்போட போவா. ஆருக்கு நட்டம் எண்டு கேட்டியே.

இன்னொண்டு. எங்கட நாட்டில சேனக பிபிலே எண்டொரு மருந்தியல் பேராசிரியர் இருந்தவர். 1971இல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்ததுக்கு அவர்தான் பின்னால நிண்டது. தேவையான மருந்து எது எண்டு பட்டியல் போட்டு, கொம்பனிப் பேரில இல்லாமல் மருந்தின்ர பேரில எழுதுங்கோ எண்டவர். விளம்பரத்தைப் பார்த்து மருந்து ஓடக்கூடாது எண்டதுதான் அந்த ஆளின்ர முழுச் சண்டையும். இப்ப ஸ்கூட்டிக்கு ஓடுது.

புதுக்குடியிருப்பு அக்கா | பகல் 1.22

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒண்டு கேக்கோணும். எங்களுக்குக் காப்புறுதியும் இல்லை, சனல் காசும் இல்லை. அம்மாவுக்குப் பிரசர், சீனி ரெண்டும். மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியில எழுதினதுதான் மருந்து. அங்க அனேகமா எல்லாம் சும்மா தருவினம். 2022இல நாடு விழுந்த நேரம் "இது இல்லை, வெளியில எடுங்கோ" எண்டு துண்டு தரத் தொடங்கினவை. அதுக்குப் பிறகும் இடைக்கிடை ஒண்டு ரெண்டு வெளியிலதான்.

அந்த வெளி மருந்து மாதத்துக்கு 2500 சொச்சம் வரும். 5000 வராது. உண்மையா வருத்தம் உள்ள எனக்குக் கூப்பன் இல்லை, வருத்தம் இல்லாத ஒபிஸ் ஆக்களுக்குக் கூப்பன். சிரிப்பா இருக்கு.

நான் கேக்க நினைச்சது இதுதான். கிளினிக் டொக்டரிட்டை ரெண்டு மாதத்துக்கு ஒண்டா எழுதித் தாங்கோ எண்டு கேட்டா 5000 வந்திடும். 500 ரூபாவுக்குப் பருப்பும் சீனியும் வாங்குவன். இதுவும் அந்தப் பிழைக்குள்ள வருமோ?

வவுனியா பாமசிஸ்ட் | பகல் 1.50

வராது அக்கா. அம்மாவுக்குத் தேவையான மருந்து, தேவையான அளவு, எடுக்கிற நாள் மட்டும்தான் மாறுது. தாராளமாக் கேளுங்கோ.

மூண்டு விசயம் பாருங்கோ. பிரசர், சீனி அளவு ஒரே மாதிரி நிக்குதெண்டாத்தான் ரெண்டு மாதம் எழுதுவினம், மருந்தை மாத்திக்கொண்டிருக்கிற நேரம் எழுத மாட்டினம், எழுதவும் கூடாது. கிளினிக் நாளைத் தவற விடாதேங்கோ, மருந்து கையில இருக்கு எண்டு போகாமல் விடுறதுதான் இதில உள்ள பொறி. இன்சுலின் ஏதும் இருந்தா அதை மட்டும் இந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ. திறக்காத போத்தல் பிரிட்ஜில இருக்கோணும், உறைபெட்டிக்குள்ள வைக்கக்கூடாது. எங்கட வெக்கைக்குக் கரண்ட் போய்ப் போய் வாற வீட்டில கூட வாங்கி வச்சுப் பழுதாக்கினா 500 ரூபாவை விடக் கனக்கப் போகும்.

முறிகண்டிக் கச்சான் | பகல் 2.08

அக்கா, உங்கட கணக்குத்தான் திறம். எனக்கு வந்தா என்ர கூப்பனை உங்களுக்குத் தாறன், ஸ்கூட்டி மட்டும் எனக்கு.

மட்டுறுத்துநர் | பகல் 3.00

ரெண்டு பதிவை நீக்கியிருக்கு. ஒண்டு கடையின்ர பேரும் டொக்டரின்ர பேரும் போட்டு எழுதினது. மற்றது பிரிகபலின் (போதைக்கும் பாவிக்கிற குளிசை) துண்டு எங்க எடுக்கலாம் எண்டு கேட்டது. அந்தக் கேள்வியை இங்க ஒருக்காலும் கேக்க வேண்டாம். பெடியள் இதால அழியிறதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம்.

மாங்குளம் கணக்காளன் | மாலை 5.35

ஒபிஸ் காப்புறுதி பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அது என்ர துறை. "கொம்பனிக் காசு" எண்டு ஒரு காசு இல்லை. குழுக் காப்புறுதியில அடுத்த வருசக் கட்டணத்தைப் போடேக்க, இந்த வருசம் உங்கட ஆக்கள் எவ்வளவு கோரினவை எண்டுதான் முதல் பார்ப்பினம். மார்கழியில எல்லாரும் அடிச்சு எடுத்தா தை மாதம் கட்டணம் ஏறும். தொண்டு நிறுவனத்தின்ர வரவுசெலவில அந்த ஏத்தத்துக்கு இடம் இருக்காது. என்ன செய்வினம்? ஓபிடி வரம்பைக் குறைப்பினம், அல்லது அம்மா அப்பாவைப் பட்டியலில இருந்து வெட்டுவினம். நான் முந்தி வேலை செய்த இடத்தில ரெண்டாவதுதான் நடந்தது. அம்மாவுக்கு இருதயக் கிளினிக் எண்டு அலைஞ்ச ஒரு பிள்ளை அதில மாட்டுப்பட்டது. விற்றமின் எடுத்தவை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.

மச்சாளுக்கு உங்கட பேரில துண்டு எழுதுவிக்கிறது வேற கதை, பெடியன். அது காப்புறுதி மோசடி, பிடிபட்டா வேலையும் போகும். மற்றதை விவாதிக்கலாம், இதில விவாதம் இல்லை.

பரந்தன் பெடியன் | இரவு 8.44

எல்லாருக்கும் நன்றி. மச்சாளுக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், கதைக்கிறா இல்லை.

ஆனா கணக்காளன் அண்ணை, ஓபிடி வரம்பு எண்டது என்ர சம்பளத்தின்ர ஒரு பகுதி எண்டுதான் நியமனக் கடிதத்திலயே போட்டிருக்கு. எடுக்காமல் விட்டா நான் சம்பளத்தை விட்ட மாதிரி. அந்த எரிச்சலும் ஞாயம்தானே?

மாங்குளம் கணக்காளன் | இரவு 9.01

எரிச்சல் ஞாயம். பொய்ச் சாட்டு ஞாயம் இல்லை. உங்கட திட்டத்தில இரத்தப் பரிசோதனைக்கும் பணம் தருவினமோ எண்டு மனிதவளப் பிரிவில கேட்டுப் பாருங்கோ. கனக்க இடத்தில டொக்டர் எழுதின சோதனையளும் ஓபிடிக்குள்ளதான்.

முறிகண்டிக் கச்சான் | இரவு 9.10

சரி, எல்லாரும் சாமியார் ஆகீட்டியள். நான் ஒரு கேள்வி கேக்கிறன், சிரிக்கக்கூடாது. போன மாதம் எழுதுவிச்ச கல்சியமும் விற்றமினும் வீட்டில ரெண்டு பெட்டி கிடக்கு. பாமசியில திருப்பி எடுப்பினமோ?

வவுனியா பாமசிஸ்ட் | இரவு 9.18

எடுக்க மாட்டம் அண்ணை. வெளியில போன மருந்து எந்த வெக்கையில கிடந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது, அதை இன்னொராளுக்கு விக்க ஏலாது. பக்கத்து வீட்டுக்கும் குடுக்காதேங்கோ. அடுத்த முறை டொக்டரிட்டைப் போகேக்க பெட்டியைக் காட்டி, எனக்கு இது வேணுமோ எண்டு கேளுங்கோ. உங்கட வயசுக்குச் சில நேரம் வேண்டியும் இருக்கும்.

முறிகண்டிக் கச்சான் | இரவு 9.20

என்ர வயசைப் பற்றி ஆர் சொன்னது?

பரந்தன் பெடியன் | மார்கழி 9, இரவு 7.30

இண்டைக்கு என்ர கொலஸ்ட்ரோல் துண்டோட அந்தக் கடைக்குப் போனன். மூண்டு மாதத்துக்கு 3900 சொச்சம் வந்தது. மேசையில நிண்ட பெடியன் தானாவே, "அண்ணை இன்னும் ஆயிரத்துச் சொச்சம்தான் குறையுது, டொக்டரிட்டை ஏதாவது சேர்த்து எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோவன்" எண்டான். வேண்டாம் எண்டு மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திட்டன். மனிதவளப் பிரிவிலயும் கேட்டனான், சோதனைக்கும் காசு தருவினமாம்.

பழைய அப்போதிக்கரி | இரவு 8.15

அந்த மூண்டு மாதத் துண்டை எழுதினவர், எழுத முதல் உன்ர இரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்தவரோ?

பரந்தன் பெடியன் | இரவு 8.21

இல்லை ஐயா. போன வருசம் பார்த்ததுதான். அதே மருந்தைத் தொடரச் சொன்னவர்.

பழைய அப்போதிக்கரி | இரவு 8.40

அப்ப காப்புறுதி மிச்சத்தில முதல் அதைச் செய். கொலஸ்ட்ரோல் முழுச் சோதனை, ஈரல், சீனி, சிறுநீரகத்துக்குக் கிரியாற்றினின். டொக்டரிட்டைச் சொல்லி எழுதுவிச்சுக்கொண்டு போ. முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டா விடியத் தண்ணியைத் தவிர ஒண்டும் குடிக்காமல் போகோணும், தேத்தண்ணியும் இல்லை. முடிவு வந்தா இங்க போடாதே, அவரிட்டையே கொண்டுபோய்க் காட்டு.